அக்காவின் மெஷினுக்கு மேலே ஒரு விளக்கு

பெயின்டர் முதலில் போனது எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு. காலேஜ் பையன்கள் மொய்த்து நின்ற கவுண்டரில், விரலிடுக்கில் பெயின்ட் காயாத அந்த நடுவயசுக்காரர் தலையை நீட்டினார்.

"புரோகிராம் எழுதி ஏத்துவாங்களே, மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதுல ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு எதுக்குண்ணே? எத்தனை கோட் அடிக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அக்காவுக்குக் காது கேட்காது என்பதை அங்கே சொல்லவில்லை.

அக்கா தையல்காரி. யார் வந்தாலும் தெரியட்டும் என்று தெருக்கதவைத் திறந்தே வைத்து, அதைப் பார்த்தபடி மெஷின் போட்டிருந்தாள். தெருப் புழுதியெல்லாம் வெள்ளைத் துணியில். அதற்காகத்தான் பெயின்டர் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினார். வாசலில் பட்டனை அமுக்கினால் மெஷினுக்கு மேலே வெள்ளை விளக்கு மின்னும்.

"இனிமே கதவைச் சாத்திக்கோக்கா. யார் வந்தாலும் விளக்கு சொல்லும்" என்று கையைக் காட்டிச் சொன்னார். அவளும் சாத்திக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கம்பக்கம் மெச்ச மெச்ச அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆள் வராத நேரத்தில் விளக்கு சும்மா இருப்பானேன் என்று சிவப்பு, பச்சை, நீலமாக மெதுவாக நிறம் மாறும்படி எழுதினார். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே 'காத்திரு' என்று ஒரு கட்டளை.

பள்ளிக்கூடச் சுவருக்கு அவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டீச்சர் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"என்ன பெயின்டர், அக்கா ஊர்ல இல்லையா? யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கலாம்னு ரெண்டு தடவை வந்து பெல் அடிச்சேன்."

"வீட்லதான் இருக்கு டீச்சர்."

"அடடா, வேற ஆள்கிட்ட குடுத்துட்டோமே. இந்த வருஷம் இனிமே மாத்த முடியாது."

வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வேலை. அக்கா அதை நம்பித்தான் இருந்தாள்.

பெயின்டர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். சோதித்த போதெல்லாம் விளக்கு எரியும்வரை கட்டைவிரலை எடுத்ததில்லை. இப்போது விருந்தாளி மாதிரி லேசாகத் தொட்டு எடுத்தார். ஜன்னல் வழியே பார்த்தால் விளக்கு தன் பாட்டுக்குப் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். காத்திரு என்றால் போர்டு காத்திருக்கும். அந்நேரம் பட்டனை எட்டிக்கூடப் பார்க்காது. அவர்தான் அப்படி எழுதியிருந்தார். எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனார்களோ என்று நினைத்ததும் காது மடல் சுட்டது.

டீச்சர் வந்துபோனதைச் சொன்னதும் அக்கா முகம் வாடியது. "நான்தான்டா துணியைப் பாத்துக்கிட்டு விளக்கைக் கவனிக்காம விட்டிருப்பேன்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பார். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்புறம், அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள் என்பதால் நிமிர்ந்தே ஆகவேண்டியிருந்தது.

"நீ இல்லக்கா. நான் கலர் காட்டுறதுக்காக எழுதினதுதான் தப்பு. விளக்கு கலர் மாறுற நேரத்துல பெல் வேலை செய்யலை."

அக்கா விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "பெயின்டர் புத்தி போகுமா" என்று நூலைக் கடித்து அறுத்தாள்.

இப்போது நிறங்கள் இல்லை. வெள்ளை விளக்கு மட்டும், தொட்டாலே மின்னுகிறது. பெயின்டர் அடுத்த புரோகிராமைப் படித்துக்கொண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். யூனிஃபார்ம் வேறெங்கோ தைக்கப்படுகிறது. அக்கா மறுபடியும் தெருக்கதவைத் திறந்து வைத்தே தைக்கிறாள்.