சானமாவில் நின்ற பாட்டு

ஒரு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் பதிவு போட்டுத் திட்டித் தீர்க்கும் அந்தப் புது ஆல்பத்தைத்தான் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் இன்று காலையும் போட்டார்.

"அண்ணா, இதே இசையமைப்பாளரோட பழைய ஆல்பத்த போடுங்க. அதுல புல்லாங்குழல் வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி அமைதி இருக்கும். இதுல எல்லாமே சத்தம், ரெண்டாவது தடவ கேக்க முடியல" என்றேன்.

பக்கத்து சீட் மஞ்சுநாத் சிரித்தார்.

சானமாவு காட்டருகே வனத்துறைக்காரர் கை காட்டி நிறுத்தினார். யானைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்தார். நாலாவது பாட்டும் பாதியில் நின்றது.

நாற்பது பேரும் மூச்சுகூட விடவில்லை. கடைசியாக ஒரு குட்டி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மஞ்சுநாத் என் தொடையைத் தட்டினார். "சார், சும்மா இருங்க. யானை இருக்குது."

"நான் என்ன பண்ணேன்?"

"பாடறீங்க சார். நடுவுல வயலின் வர்ற எடத்தக்கூட விடல."

பஸ் கிளம்பியதும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நான் அதற்குள் சரணத்தையே முடித்திருந்தேன்.

பழைய ஆல்பம்தான் உசத்தி, அதில் மாற்றமில்லை. நாலாவது பாட்டை மட்டும் யானைகளுக்காக மன்னிக்கிறேன். என் பழைய பதிவுகளை யாரும் தோண்டி எடுக்க வேண்டாம்.