பூட்டிய வீட்டில் காய்ச்சல் இல்லை

ஆம்பூருக்குப் பக்கத்து ஊரில் நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது கெசியாவின் வேலை. பிளஸ் டூ முடித்துவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்தவளுக்கு, ஃப்ளூவால் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்று கண்டறியும் ஆய்வில் இந்த வேலை கிடைத்தது. காய்ச்சலோ இருமலோ இருந்தால் அன்றைக்கே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வீடு பூட்டியிருந்தால் 'பூட்டு' என்று பதிந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். காலை ஏழரைக்கே ஷூ கம்பெனி வேன் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். கெசியா போகும் நேரத்தில் பல வீடுகளில் பூட்டுதான் தொங்கும். ஞாயிறு என்றால் அவளுக்குச் சர்ச், பாட்டுக் குழு. போன வாரம் ஓடியாடிய பிள்ளைக்கு இந்த வாரம் என்ன வந்துவிடப் போகிறது என்று, பூட்டிய வீடுகளுக்கும் 'காய்ச்சல் இல்லை' என்று போடப் பழகிவிட்டாள். ஒரு வீடுகூட விடாமல் முடிப்பவள் என்று மேற்பார்வையாளர் இருதயராஜ் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார்.

பூர்ணிமாவின் மகன் நித்தினுக்கு நான்கு வயது. அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம், அவனை அடுத்த தெருவில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவள் ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள். மெடிக்கலில் வாங்கிய சிரப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கவும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் இறந்துவிட்டான். அங்கே எடுத்த மாதிரியில் ஃப்ளூ என்று வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறப்பு விசாரணைப் படிவத்தோடு இருதயராஜ் கெசியாவையே அனுப்பினார். தெரிந்த பெண் கேட்டால்தான் அந்த அம்மா பேசுவாள் என்றார்.

பூர்ணிமா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். ஒன்பதாவது கேள்வி: இறப்பதற்கு முந்தைய வாரத்தில் ஆய்வுப் பணியாளர் குழந்தையைப் பார்த்தாரா?

"பாத்ததாவே எழுதிக்கோ," என்றாள் பூர்ணிமா. "நீ வந்துட்டுதான் போயிருப்ப. பூட்டிட்டுப் போனது நானு. ஒன்னிய எதுக்குக் கொற சொல்லணும்?"

கெசியாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதி வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வந்தேன்க்கா. பூட்டு இருந்துச்சு. காய்ச்சல் இல்லைன்னு போட்டுட்டுப் போய்ட்டேன். பக்கத்து வீட்டுல கேட்டிருந்தாகூட, தங்கச்சி வீட்டுல இருக்கான்னு சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல."

பூர்ணிமா கத்துவாள், அடிப்பாள் என்று கெசியா காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"வேற வீட்டுக்கும் இப்படித்தான் போட்டியா?"

"பதினோரு வீட்டுக்கு."

"அந்தப் புள்ளைங்க இப்ப எப்படி இருக்குதுங்க? தெரியுமா ஒனக்கு?"

கெசியாவுக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. இங்க இன்னாத்துக்கு ஒக்காந்துனு இருக்க? போ."

கெசியா ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். பார்க்காமலே பதிந்தது தான்தான் என்று கீழே தன் பெயரையும் எழுதினாள். வெளியே வந்து இருதயராஜுக்குப் போன் போட்டு, பதினோரு வீட்டையும் சொன்னாள். அவர் கோபமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதினொன்றில் முதல் வீட்டின் கதவைத் தட்டினாள்.