காகிதப்பூ மூடியிருந்த வீட்டு எண்

ஓய்வுக்காலத்தைக் கடலோரத்தில் கழிப்பதென்று முடிவு செய்து, வீடு பார்க்கப் போன முதல் நாளில் மோரிப் கடற்கரையில் கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறு பளபளத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு நாய் ஏதோ யோசனையோடு நடந்துகொண்டிருந்தது.

"கடல் எங்கே?" என்று மனைவியின் தம்பியைக் கேட்டேன்.

"வெளிய போயிருக்கு அத்தான்," என்றார் அவர், வீட்டில் இல்லாத பெரியவரைப் பற்றித் தகவல் சொல்வதுபோல. "சாயந்தரம் வந்துரும். நம்ம அதுக்குள்ள சாப்பிட்டு வந்துருவோம்."

நான் திருச்சியில் பிறந்தவன். சமூகப்பணியில் பட்டம் பெற்று, வேலைக்காலம் முழுவதையும் சென்னையில் கழித்தவன். மனைவி கடல் கடந்த துறைமுக ஊரான கிள்ளானைச் சேர்ந்தவள். கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சிக்கு வந்தவள், என்னை மணந்துகொண்டு என்னோடு சென்னையிலேயே தங்கிவிட்டாள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவனைப் பார்ப்பதுபோலத்தான் அவள் குடும்பம் என்னை இன்றுவரை பார்த்துவந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் ஊர்ப் பக்கம் போய்விடுவது என்பது திருமணத்தின்போதே நான் கொடுத்த வாக்கு. கடலோரமாக இருந்தால் நல்லது என்பது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்ட நிபந்தனை.

அவளுக்குக் கடல் முக்கியமில்லை. கிள்ளானை அடுத்த பண்டமாரானில் அவளுடைய அக்கா தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை, காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் அவரால் உட்கார முடியாது. ஆகவே எங்கள் கடல் பண்டமாரானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் அப்படியொரு வாடகை வீடு அமையாவிட்டால் சென்னைக்கே திரும்பிவிடுவது என்றும் நான்தான் சொல்லி வைத்தேன். கெடு இல்லாத திட்டம் திட்டமே அல்ல என்று பயிற்சி வகுப்புகளில் போதித்த பழக்கம். மனைவி அப்போது "சரி" என்றுமட்டும் சொன்னாள். அந்தச் "சரி"யின் எடையை நான் அன்றைக்கு அளக்கவில்லை.

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் தற்காலிகமாகத் தங்கினோம். கீழே பூக்கடைகள், பக்கத்தில் ரயில். வந்த இரண்டாம் நாளே மனைவியின் பேச்சில் இந்த ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டுகிற, முப்பது வருடமாகக் காணாமற்போயிருந்த "லா" திரும்பி வந்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் அவள் தம்பி கிள்ளானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருவார். வாரநாட்களில் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர் என்பதால், காரையும் அந்த நீளத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அகலமாகத் திருப்புவார்.

வீடு தேர்ந்தெடுப்பதில் நான் விளைவுகளைக் கணக்கில் எடுப்பவன். வெளிநாட்டிலிருந்து வரும் ஓய்வூதியர் ஒரு மீனவக் குடியிருப்பில் தாராளமாக வாடகை கொடுத்துக் குடியேறினால், அடுத்த வருடம் அதே தெருவில் மீனவருக்கு வீடு கிடைக்காமற்போகலாம். ஆகவே முதல் வீட்டில், எங்களுக்குமுன் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தேன். இரண்டாவது வீடு அலையாத்திக் காட்டை வெட்டி எழுப்பியது என்று தோன்றியதால் வேண்டாம் என்றேன். மூன்றாவது வீட்டின் சொந்தக்காரரிடம் கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது மனைவி என்னைத் தனியாக அழைத்தாள்.

"நீங்க வீடு பாக்குறீங்களா, இல்ல வழக்கு விசாரிக்கிறீங்களா?"

"பொறுப்போடு பார்க்கிறேன்."

"அந்த அங்கிள் பயந்து போய் லைசென்ஸ எடுத்துக் காட்டறாரு லா."

இந்தப் பயணங்களில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் மைத்துனர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் போனதும் முதல் வேலையாக, கதவிலோ கேட்டிலோ இருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார். எண் மங்கியிருந்தால் துடைத்துவிட்டு எடுப்பார். களப்பணியில் இளைஞர்களுக்கு நான் வருடக்கணக்காகச் சொல்லியும் வராத ஒழுங்கு அது.

"உன் தம்பியைப்போலப் பொறுப்பானவரைப் பார்த்ததில்லை," என்றேன் மனைவியிடம்.

"ஆமா, ரொம்பப் பொறுப்பு," என்று அவள் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தும்மல் என்று நினைத்தேன்.

கெடு முடிய இரண்டு வாரம் இருந்தபோது தஞ்சோங் செப்பாட் என்ற மீனவ ஊரில் அந்த வீட்டைப் பார்த்தோம். பலகைச் சுவர், சிவப்பு சிமெண்ட் தரை, பின்கதவைத் திறந்தால் கடல். அன்றைக்குக் கடல் வீட்டிலேயே இருந்தது. வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்த சீனர். ரப்பர் தோட்டம் ஒன்றில் பல காலம் மளிகைக்கடை வைத்திருந்தவர், அதனால் தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார். சீன முதலாளியை இந்த ஊரில் தவுக்கே என்றுதான் அழைப்பார்கள். மைத்துனரும் அப்படியே அழைத்தார். வீடு வெகுநாட்களாகப் பூட்டிக்கிடந்தது, யாரையும் வெளியேற்றவில்லை, மரம் எதையும் வெட்டவில்லை. என் கேள்விகள் ஒவ்வொன்றாக வேலையிழந்தன.

மனைவி பின்பக்கப் படியில் உட்கார்ந்து அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினாள். "அம்பது நிமிஷம்தான்க்கா. படி ரெண்டே ரெண்டு, நீ ஏறிருவே," என்றாள். பிறகு, பேச்சு முடிந்தும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன்.

புறப்படும்போது மைத்துனர் கேட்டருகே தவித்துக்கொண்டு நின்றார். கேட் தூணில் காகிதப்பூக் கொடி அடர்ந்து படர்ந்து எண்ணை முழுமையாக மூடியிருந்தது. அவர் கைவிட்டு முள் குத்திப் பின்வாங்கியிருந்தார். அத்தனை ஒழுங்கானவரின் வேலை குறையாக நிற்பதா? நானே கொடியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தேன். நான்கு இலக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. "எடுங்கள்," என்றேன். எடுத்தார். உள்ளே வராந்தாவிலிருந்து தவுக்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒப்பந்தம் எழுதுவதாகப் பேச்சு.

மறுநாள் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மைத்துனர் எங்களைப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். கேட்காமலே எல்லாருக்கும் ஆட்டிறைச்சி வரவழைத்தார்.

"அத்தான், உங்க கைக்கு மோதிரம் போடணும்," என்றார்.

"எதற்கு?"

"நம்பர் அடிச்சிருச்சு. முதல் பரிசு இல்ல, சின்னதுதான். ஆனா அடிச்சிருச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் நான்கு இலக்க எண்களுக்குப் பணம் கட்டுவதற்கென்றே உரிமம் பெற்ற கடைகள் உண்டு. புதுக்கார் வாங்கினால் அதன் எண், கனவில் பாம்பு வந்தால் பாம்புக்கான எண், புதிதாகப் போன வீடு என்றால் வீட்டு எண். கார்கள் மோதிக்கொண்டால் ஆட்களைப் பார்க்குமுன் எண் தகட்டைப் பார்ப்பவர்களும் உண்டு என்று மனைவி சொன்னாள். மூன்று மாதமாக நான் நடத்திவந்த சமூகப் பொறுப்புள்ள வீட்டுத் தேடலை நம்பி, துறைமுக லோரிக்காரர்கள் பாதிப் பேர் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நானோ, குடியிருப்புக் குடியிருப்பாகப் போய் லாட்டரிச் சீட்டுக்கு எதிராகப் பேசியவன். என் உரைகள் நீளமானவை. அவற்றிலிருந்து தப்பிக்கவே சீட்டு வாங்குவதை நிறுத்தியதாக ஒரு பெண்மணி மேடையிலேயே நன்றி சொல்லியிருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"முதல் வீட்டுலயே தெரியும். நீங்க அவ்ளோ சந்தோஷமா பாராட்டுறீங்க, எப்படி லா சொல்றது?"

இறைச்சி வந்து சேர்வதற்குள் தொலைபேசி அடித்தது. தவுக்கே. வீடு வாடகைக்கு இல்லை என்றார். ஊர்க் கோப்பிக் கடையில் முடிவு தெரிந்து, தன் வீட்டு எண் வந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். "வீட்டுக்கு ஓங் வந்துருச்சு, குடுக்க முடியாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஓங் என்றால் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் வந்த வீட்டை எவராவது அந்நியருக்கு விடுவாரா?

மனைவி தம்பியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதத்தை ஓரமாக ஒதுக்கினாள். "சரி, சென்னைக்கே போயிருவோம்," என்றாள். வீட்டுக்கு வந்ததும் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிமட்டும் ஒரு தடவை கேட்டாள். கெடு வைத்தவன் நான். அதை நீட்டிக்கிறேன் என்றேன். "வேணாம். அக்காவ நம்ப வச்சி நம்ப வச்சி ஏமாத்தக் கூடாது," என்றாள்.

மறுநாள் காலை மைத்துனர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. இருவருமாகத் தஞ்சோங் செப்பாட்டுக்குப் போனோம். தவுக்கேயிடம் நியாயமாகப் பேசிப் புரியவைத்துவிடலாம் என்பது என் திட்டம். காரில் அதற்கான வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

தவுக்கே வராந்தாவில் கோப்பிக் குவளையோடு சோகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கத்தரித்துப் போட்ட காகிதப்பூ மலைபோலக் கிடந்தது.

"இருபது வருஷம் இந்த நம்பருக்குக் காசு கட்டினேன்," என்றார். "ஒண்ணும் வரல. போன வருஷம் விட்டுட்டேன். இப்ப வந்திருக்கு. எனக்கு வரல."

அந்தத் துக்கத்தின்முன் என் வாதங்கள் சற்றுச் சிறுத்துப்போயின. அந்த இடைவெளியில் மைத்துனர் புகுந்தார்.

"ஏன் வரலன்னு தெரியுமா தவுக்கே? பூவு மூடிக்கிட்டு இருந்துச்சு. தொறந்தது யாரு?"

தவுக்கே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"ஆமா லா. நீதான் தூக்கினே."

"ஓங் வீட்டுல இல்ல தவுக்கே. அத்தான் கையில இருக்கு. இவர அனுப்பிட்டா வெறும் வீடுதான்."

நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும், வீடு கிடைத்துவிடும். மனைவி படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு முதியவரை மூடநம்பிக்கையில் ஆழ்த்தி அதன்மேல் குடித்தனம் நடத்துவது எனக்கு முடியாத காரியம். மைத்துனர் என் காலை மிதிப்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னேன்:

"அங்கிள், இதில் என் கைக்கு எந்தப் பங்கும் இல்லை. எந்த எண்ணும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் இந்தப் பழக்கத்துக்கே எதிரானவன். வாழ்நாளில் ஒரு சீட்டுகூட வாங்கியதில்லை. இனியும் வாங்கமாட்டேன்."

தொடர்ந்து நிகழ்தகவு பற்றியும் குடும்பங்கள் சீரழிவது பற்றியும் விளக்கினேன். தவுக்கே குறுக்கிடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. நான் முடித்ததும் மைத்துனரிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ஆசையே இல்ல, பாத்தியா? ஆசை இல்லாத ஆளுக்குத்தான் வரும். நம்ம கேக்கறோம், நமக்கு வராது."

"அதத்தான் நானும் சொல்றேன் தவுக்கே."

"இவரு இங்கேயே இருக்கட்டும். ஆனா நம்பர்மேல பூவு போடக் கூடாது."

அதை ஏற்பதில் கொள்கை முரண்பாடு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்திட்டேன். மனைவியிடம் போனில் சொன்னேன். பெட்டியில் வைத்த புடவைகளை வெளியே எடுக்கலாமா என்றுமட்டும் கேட்டாள்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். கடல் அதன் வழக்கப்படி வெளியே போகிறது, வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை மைத்துனர் பண்டமாரானிலிருந்து பெரியக்காவைக் கூட்டி வந்துவிட்டு, ஞாயிறு திரும்ப அழைத்துப் போகிறார். அக்காவும் தங்கையும் பின்படியில் உட்கார்ந்து பேசும் பேச்சு முப்பது வருடப் பாக்கி என்பதால் இப்போதைக்கு முடியாது.

சனிக்கிழமை தோறும் காலையில் தவுக்கே ஆவியில் வெந்த சூடான சீனப் பாவ் ரொட்டிப் பொட்டலத்தோடு வருவார். முதலில் என்ன கனவு கண்டேன் என்று கேட்பார். நான் கனவு காண்பதில்லை என்பேன். அவர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார். வந்த விருந்தினரை நல்வழிப்படுத்தாமல் அனுப்புவது எனக்கு இயலாது என்பதால், சூதாட்டத்தின் தீமைகளைப் பற்றி வாரம் ஒரு புதிய கோணத்தில் விளக்குகிறேன். அவர் ஒரு நாளும் எழுந்து போனதில்லை. இவ்வளவு கவனத்தோடு கேட்ட ஒருவரை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் சந்தித்ததில்லை. முடிந்ததும் சுவர்க்கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விடுவார்.

மனம் மாறிவருகிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை அவர் கேட்டைத் தாண்டுமுன், சமையலறையிலிருந்து பெரியக்கா மெல்லிய குரலில் என் மனைவியைக் கேட்டது காதில் விழுந்தது.

"ஒன் வீட்டுக்காரரு பேசி முடிச்சப்ப மணி எத்தன? ஒம்பது நாப்பத்தி ரெண்டா, மூணா? சரியா பாத்து சொல்லு லா, தவுக்கே முந்திக்கப் போறாரு."