பழைய பெயரில் பத்தொன்பது லிங்குகள்

செம்பூர் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், நான்கு மேசை போட்ட அலுவலகம். அங்கே ஃபர்ஸானாவுக்கு இது ஒன்பதாவது வருஷம். ஊரார் கடைகளை கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் வேலை. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், 'கடைக்காரங்களுக்கு கம்ப்யூட்டர்ல' என்று சொல்லிப் பாதியில் விட்டுவிடுவாள். முழுக்க விளக்கப் போனால் கேட்பவர் முகம் மாறுவதை அவள் பலமுறை பார்த்தாயிற்று.

ஜூன் மாதம் அவள் மேசைக்கு வந்தது உதுமானின் கடை. தாராவி மெயின் ரோட்டில் முப்பது வருஷமாகத் தோல் பை விற்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவள் வாப்பாவுக்கும் பழக்கம். தோல் பை என்று தேடினால் எதிர்வரிசைக் கடை முதலில் வருகிறது, தன் கடை மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது என்பது அவருடைய குறை. மூன்றாம் பக்கம் வரைக்கும் யார் போவார்கள் என்று கேட்டார்.

எதிர்க்கடைக்கு எங்கிருந்தெல்லாம் லிங்க் வருகிறது, என்ன சொல்லில் வருகிறது என்று பிரித்து எடுக்கும்படி முதலாளி சந்திரமௌலி சொன்னார். ஒரு வலைப்பக்கத்தில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டு இருக்குமே, தொட்டால் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் சொற்கள், அவற்றுக்கு ஆங்கர் என்று பெயர். அடுத்தவர்கள் ஒரு கடையை என்னவென்று சொல்கிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். கூகுளும் அதைப் பார்க்கிறது.

ஆயிரத்து நூற்று நாற்பது லிங்குகள் வந்து விழுந்தன. அவள் சொல்வாரியாக அடுக்கினாள். பாதிக்கு மேல் ஒரே வாசகம்: மும்பையின் சிறந்த தோல் வாலெட். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வாலெட் என்ற சொல்லில் ஓர் 'எல்' எழுத்து குறைந்திருந்தது. அறுநூறு இடத்திலும் அதே ஓர் எல் குறைந்திருந்தது.

ஃபர்ஸானா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பிழை அவளுடையது.

பி.காம். முடித்த வருஷம் வாப்பா இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்திருந்தார். சயானில் ஒரு அறையில் அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டுரை அடிப்பார்கள். தினமும் பதினைந்து கட்டுரை. கொடுத்த வாசகத்தை ஒவ்வொன்றிலும் இரண்டு முறை நுழைக்க வேண்டும். எந்தச் சட்டைக்கு எந்தப் பை பொருந்தும் என்று, தோல் பை ஒன்றைக் கையால் தூக்கியிராத அவள், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் பெயரில் எழுதினாள். முதல் கட்டுரையில் அவள் விட்ட பிழையை மேற்பார்வைக்காரர் அப்படியே நகல் எடுத்து மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டார். யாருக்காக எழுதுகிறோம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

சந்திரமௌலியிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார். அப்படியானால் உனக்கு வேலை சுலபம், உதுமானுக்கும் அதே மாதிரி முந்நூறு லிங்க் போட்டுவிடு என்றார். இவை எல்லாம் செத்த லிங்குகள், கூகுள் இதுமாதிரி வாங்கின லிங்குகளை வருஷக்கணக்காகக் கண்டுகொள்வதில்லை, எதிர்க்கடை மேலே வருவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இதையே அவள் வேறு வேறு கடைகளுக்காக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். குரலில் வேகமே இல்லை.

"கிளையண்ட்டுக்கு ஒரு நம்பர் வேணும்மா," என்றார் சந்திரமௌலி. "முந்நூறு லிங்க்னா அவருக்குப் புரியும். நீ சொல்றது யாருக்குப் புரியறது?"

அவர் கெட்டவரில்லை. மாட்டுங்காவிலிருந்து தினமும் அவளுக்கு முன்னால் வந்து கதவைத் திறக்கிறவர். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அவள் அறுநூறையும் தள்ளிவிட்டு மீதியைப் பார்த்தாள். குப்பையை நீக்கிப் பார்த்தால் நாற்பத்துச் சொச்சம்தான் தேறியது. ஒரு கல்லூரியின் விழாப் பக்கம், ஒரு கல்யாணப் புகைப்படக்காரரின் பக்கம், யாரோ ஒரு ஊர்சுற்றியின் பயணக் குறிப்பு. எல்லோரும் எதிர்க்கடையை அதன் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிட்டிருந்தார்கள். பிறகு உதுமானின் கடைக்கு வருகிற லிங்குகளை எடுத்தாள். அங்கே பெயரே இல்லை. இருக்கவும் முடியாது. நாலு வருஷம் முன்னால் வேறொரு ஏஜென்ட், மக்கள் தேடுகிற வார்த்தையையே கடைக்குப் பெயராக வைக்கச் சொல்லி, உதுமானும் போர்டை 'தாராவி லெதர் பேக்ஸ் மும்பை' என்று மாற்றியிருந்தார். வலை முகவரியும் மாறிப்போனது.

அதற்கு முன்னால் கடையின் பெயர் அக்தர் பானு பேக்ஸ். உதுமானின் மனைவி பெயர். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாள். பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நாடகக் குழு, புனேயிலிருந்து ஒரு மோட்டார் பைக் கிளப். பத்தொன்பது லிங்கும் மூடிக் கிடக்கிற பழைய முகவரிக்குத்தான் போயின. தொட்டால் வெற்றுப் பக்கம்.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்குப் போனாள். உதுமான் கல்லாவில் இருந்தார். அக்தர் பானு பின்னால் பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபர்ஸானா ஃபோனில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தைக் காட்டினாள்.

"மாமா, உங்க கடையப் பத்தி இவுங்க நல்லபடியாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா லிங்க் பழைய சைட்டுக்குப் போகுது. அது பந்த். அந்த அட்ரஸ திரும்ப வாங்கி இப்பத்த கடைக்குத் திருப்பி விட்டா, இந்தப் பத்தொம்பதும் உங்களுக்கு வரும்."

"அப்ப முந்நூறு லிங்க் போடுதோம்னு உங்க சேட்டு சொன்னாரே?"

"அது வேண்டாம் மாமா. அது எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியும். நானே எழுதினவதான்."

உதுமான் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு பை தைத்துக் கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. அவர்கள் அதை எழுதி வைத்திருப்பார்கள் என்றுதான் தெரியாது. மனைவி பக்கம் திரும்பி, உன் பெயர் இன்னும் கிடக்கிறதாம் என்றார்.

"எடுத்தது நானா?" என்றாள் அக்தர் பானு. துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

பழைய முகவரியை வேறு யாரும் எடுத்திருக்கவில்லை. ஒரே நாளில் வாங்கித் திருப்பிவிட்டாள். புனே பைக் கிளப்புக்கும் மற்றவர்களுக்கும் ஒவ்வொரு கடிதமாக எழுதிப் புது முகவரியைப் போடச் சொன்னாள். பதினொரு பேர் மாற்றினார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. ஆகஸ்டில் கடை இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. தீபாவளிக்கு முன்னால் முதல் பக்கத்தின் கடைசி வரிசையில் நின்றது. எதிர்க்கடை இன்னமும் மேலேதான் இருந்தது. உதுமானுக்கு அது போதவில்லை என்றாலும், போர்டில் புதுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அக்தர் பானு பேக்ஸ் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கே படிக்க வராது என்றார்.

முந்நூறு லிங்க் திட்டத்தை சந்திரமௌலி திலக் நகரில் ஒரு ஏ.சி. மெக்கானிக்குக்கு விற்றுவிட்டார். கட்டுரைகளை ஃபர்ஸானாவே மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றார். அவள் அதைச் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்தபடியே சொன்னாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, அதைப் பக்கத்து மேசை ராஹிலிடம் கொடுத்துவிடுகிறேன், நீ புதிதாக வந்த அந்த ஸ்கூல் பஸ்காரர் சைட்டைப் பார் என்றார்.

பஸ்காரரின் பக்கம் திறக்கவே பதினாலு விநாடி எடுத்தது. ஏன் என்று பார்க்க ஆரம்பித்தாள்.