மூன்றாவது பூட்டு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் வந்தால் அந்த வால்வைத் தொட்டே காட்டுவேன். இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் எவனும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவனாக இருக்க மாட்டான்.

நீராவிக் குழாயில் ஒரு கண்ட்ரோல் வால்வு. தண்டு ஏறி இறங்கும் இடத்தில் ஆவி கசியாமல் அடைக்கும் பேக்கிங் வளையங்கள் தேய்ந்து, ஆவி சீறிக்கொண்டிருந்தது. எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சீக்கிரம்'.

"பழசு மேலயே ரெண்டு வளையத்தப் போட்டு இறுக்குப்பா. யாரு பாக்கப் போறா?"

"ஆவி பாக்கும் சார்," என்றேன்.

கூட வேலை பார்க்கும் மச்சானும் நானும் முறையாகத்தான் செய்தோம். குழாயின் மெயின் வால்வை மூடி, யாரும் திறந்துவிடாதபடி அதில் ஆளுக்கொரு பூட்டு மாட்டினோம். மிச்ச ஆவியை வடித்தோம். கண்ட்ரோல் வால்வுக்கு வரும் காற்று இணைப்பைக் கழற்றினோம். பழைய வளையங்களைக் கொக்கியால் ஒன்றுவிடாமல் இழுத்துப் போட்டோம். தண்டில் கீறல் இல்லை. புது வளையங்களின் வெட்டுவாய் நேருக்கு நேர் வராதபடி திருப்பித் திருப்பி இறக்கினோம். வளையங்களை அழுத்தும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

பகல் 12:40. மெயின் வால்வைத் திறக்கப் போனோம். மச்சான் தன் பூட்டை எடுத்தான். நான் என்னுடையதை எடுத்தேன்.

இன்னொன்று தொங்கியது.

"உன்னோடதா மச்சான்?"

"நான் என்ன பூட்டுக்கடையா வெச்சிருக்கேன்?"

தொட்டேன். குழாய் ஆறிப்போயிருந்தது. பூட்டு மட்டும் சுட்டது…

பூட்டினவன் கைதான் திறக்க வேண்டும். அது எங்கள் சட்டம். பூட்டு தொங்கினால், குழாய் போகும் வழியில் எங்கோ ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

'சீக்கிரம்' பூட்டு வெட்டும் கட்டரோடு வந்தார். "எல்லாரும் வெளியதான் இருக்காங்க. வெட்டு."

"மாட்டேன் சார்."

"வேலை வேணாமா?"

"வேலை போனா வேற எடத்துல கிடைக்கும். உள்ள இருக்கிறவன் உயிர் போனா எங்க போய் வாங்குறது?"

என் பூட்டை மறுபடி மாட்டினேன். மச்சானும் மாட்டினான்.

"இப்ப மூணையும் சேத்து வெட்டுங்க சார்."

அவர் கட்டரைத் தூக்கினார்.

டொக்…

குழாய்க்குள்ளிருந்து.

டொக்… டொக்…

குழாயின் மறுமுனையில் காலித் தொட்டி. ஓடினோம்.

உள்ளே இருந்து ஒருவன் ஏறி வந்தான். தொட்டி கழுவுகிறவன். காண்ட்ராக்டர் யாரிடமும் சொல்லாமல் இறக்கிவிட்டிருக்கிறார்.

"பூட்டு உன்னோடதா?"

"எனக்கு ஏதுண்ணே பூட்டு?"

"நீதான தட்டின?"

"இல்லண்ணே. உள்ள என்கூட இருக்கிறவரு. 'நான் பூட்டிட்டேன், பயப்படாமத் தேய்'னாரு. அவரையும் கூப்பிடுங்க."

டார்ச் அடித்தேன்.

தொட்டி காலி.

சாயங்காலம் ஸ்டோர்காரரைக் கூட்டி வந்து பூட்டைக் காட்டினோம். அதிலிருந்த நம்பரை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது பழைய ஃபிட்டரோடது. அவரு அந்தத் தொட்டிக்குள்ள இருந்தப்போ, அவசரம்னு யாரோ இத வெட்டி ஆவியத் திறந்துட்டாங்க; அவரு உயிரோட வெளிய வரல. வெட்டின துண்டு ரெண்டையும் நான்தான் குப்பைல போட்டேன்."

குனிந்து பார்த்தேன்.

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.