வலிக்காத கால்

எங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டுக் கடைசியில் மழை, அதற்குப் பின்னால் சீனப் புத்தாண்டுப் பெருநாள் வரைக்கும் கடற்காற்று, அவ்வளவுதான். எங்களுக்குப் பிழைப்பு அந்த மாதங்களில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டில் கெலுகோரிலிருந்து கடலோரமாகப் போகும் சாலையில், நானும் என் வீட்டுக்காரரும் கார் கழுவும் கடை வைத்திருந்தோம். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்ப் பம்பு, கார் ஏறி நிற்க இரண்டு சிமெண்டு மேடைகள். பின்பக்கம் கடல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது கால்வாய் வழியாக உப்புத்தண்ணீர் சாலைக்கே வந்துவிடும். அதற்குள் வண்டியை விட்டு ஓட்டி வந்தவர்கள் மறுநாள் காலையில் எங்களிடம் வரிசையில் நிற்பார்கள்.

அடியில் கழுவுவதுதான் எங்கள் கடையின் பெயரைக் காப்பாற்றியது. கார் மேடையில் ஏறியதும் அவர் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கீழே நுழைந்து, குழாயைப் பீய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் உப்பை அடித்துத் தள்ளுவார். வெளியே வந்ததும் காரின் சொந்தக்காரருக்கு ஒரு பிரசங்கம் நடக்கும். உப்பை விட்டுவைத்தால் இரண்டு வருசத்தில் தரை ஓட்டையாகிவிடும் என்பார். அந்த மனிதர் அதற்காகத்தானே கொண்டுவந்திருக்கிறார், விட்டுத் தொலையுங்களேன் என்று நான் உள்ளிருந்து கத்துவேன். உள்ளே துடைப்பது, கண்ணாடி துடைப்பது, சாவி வாங்கி வைப்பது என் வேலை. குழாய் அவருக்கு, வாய் எனக்கு என்று வாடிக்கைக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, இருந்தது. யாருக்குத்தான் இல்லை என்று நாங்கள் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பசாருக்குப் போனவர் ஒற்றைச் சிலிப்பரோடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அது கழன்று போனதே அவருக்குத் தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாதம் இரண்டிலும் உணர்ச்சி இல்லை என்பது எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

அந்த வருசம் தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில், சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் ரோஸ் நிறத்தில் கொட்டியது. கூடவே ஒரு நட்டு விழுந்தது, ஏதோ காரிலிருந்து கழன்றது. பகல் முழுக்க அதன் மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே ஐந்து காசு அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"வலிக்கவே இல்லையே," என்றார், பரிசு விழுந்தவர் மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மலாயில் சொன்னதை அங்கிருந்த நர்ஸ் தமிழில் ஒருமுறை அழுத்திச் சொன்னாள். "அண்ணே, புண்ணு காயுற வரைக்கும் தண்ணியே படக்கூடாது. பட்டுச்சுன்னா காலை எடுக்க வேண்டியதுதான்." தண்ணீர்தான் எங்கள் பிழைப்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது, இனி குழாய் என் கையில் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் முதல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் டின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் பூட்ஸுக்குள் துணி அடைத்து மாட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் நுழைந்தேன். அடித்த தண்ணீரில் பாதி என் முகத்திலேயே திரும்பி விழும். வாயில் உப்புக் கரிக்கும். அங்கே விட்டுவிட்டாய், இங்கே விட்டுவிட்டாய் என்று நாற்காலியிலிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வந்து நீங்களே செய்யுங்கள் என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

புண் ஆறவில்லை. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் துணி அலசும்போது அவர் காற்சட்டையின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு கண்ணில் பட்டது. அந்தக் கோடு எனக்குத் தெரியாதா? தினமும் மட்கார்டுக்குள் கையை விட்டு அதைத்தானே தேய்த்து எடுக்கிறேன். சாயங்காலம் நான் உலை வைக்கும் நேரத்தில் மனிதர் பின்பக்கமாக இறங்கிப் போய், கட்டை அவிழ்த்து, புண்ணைக் கடல் தண்ணீரில் ஊற வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"உப்பு காரைத் தின்னுடும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க காலை மட்டும் என்ன பண்ணும்?"

"அது இரும்பு லா. இது தோலு. படகுக்காரன் எல்லாம் புண்ணுக்கு இதான் வைத்தியம் பாக்குறான்." பிறகு, "சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது," என்றார்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சைப் பக்கத்து வீட்டுச் சீனர் வெளியே வந்து நின்று கேட்டார். இனிப் போகமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் என் தலைமேல் கைவைத்தார். இரண்டு நாள் கழித்துக் காற்சட்டையில் மறுபடி அந்தக் கோடு இருந்தது. சோப்புப் போட்டுக் கசக்கிக் காயப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. காலையில் பம்பைப் போடுவேன். கார்களைக் கழுவுவேன். மத்தியானம் அவருக்குக் கட்டு மாற்றுவேன். ஐந்து காசு பத்துக் காசானது, பிறகு காசுக் கணக்கில் அடங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் உடனே படுக்கச் சொன்னார்கள். சீனப் பெருநாள் முடியட்டும் என்றார் அவர். பக்கத்துக் கடையில் யாரோ யாரிடமோ வம்பளப்பது போல அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. காற்று மட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் அநேகமாக அமாவாசை. கடலும் ஏறும், கூட்டமும் ஏறும். அழுக்குக் காரோடு எந்தச் சீனரும் புது வருசத்துக்குள் போகமாட்டார். வருசம் பிறந்த பிறகு கழுவவும் மாட்டார், அதிர்ஷ்டம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். ஆகவே எல்லாரும் அன்றைக்கே வருவார்கள். அந்த வருசமும் வரிசை சாலைவரை நின்றது. வெயில் கொளுத்தியது. அவர் அந்த வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டிலிருந்து நாற்றம் வந்தது. எனக்கு அது பழகிவிட்டிருந்தது.

வாடிக்கையாக வரும் ஒரு சீன டீச்சரம்மாதான் மூக்கைப் பிடிக்காமல் அவரிடம் குனிந்து பார்த்தவர். உதடு நீலமாகிவிட்டது, உடனே என் காரில் ஏற்று என்று மலாயில் சொன்னார். அவருடைய வெள்ளைக் காரை அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். கால் வைக்கும் இடத்தில் பழைய துண்டு ஒன்றை விரித்தேன், கறை படக்கூடாதே என்று. அவரைப் பிடித்து உள்ளே உட்கார வைத்ததும், நீயும் ஏறு என்றார் டீச்சரம்மா. ஏப்ரன் பையிலிருந்த சாவிகளைக் காட்டினேன். மற்றவர்களுடைய கார்கள் நின்றன. டீச்சரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மீதிக் கார்களைக் கழுவினேன். டயரை நன்றாகக் கறுப்பாக்கிக் கொடு என்று ஒருவர் கேட்டார், செய்து கொடுத்தேன். என் நாத்தனார் பிற்பாடு இதைக் கேள்விப்பட்டு, பொம்பளையா இவ என்று சொன்னாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஈர உடையோடு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். வண்டியெல்லாம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடை பூட்டிக் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார், நான் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். அழுகை வரும் வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வந்தபாடில்லை.

ஒரு மத்தியானம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடினேன். படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தார்.

"பாதம் எரியுது," என்றார். "கட்டைவெரலுக்குக் கீழ. தாங்க முடியல."

எந்தப் பாதம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். கால் முழங்காலோடு முடிந்திருந்தது, அதற்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக எங்கே போயிருந்ததோ, மொத்தமாக வந்தது. நட்டுமேல் நின்றபோது வலிக்கவில்லை, அழுகியபோது வலிக்கவில்லை, இப்போது வலிக்கிறதா, யாருக்கு வலிக்கிறது என்று நெத்திலிக் கையோடு நின்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இன்றைக்கு நினைவில்லை. பாதியில் குரல் உடைந்து, கண்ணும் மூக்கும் ஒழுகி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

"கொஞ்சம் அமுக்கி விடேன்," என்றார் கடைசியில்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் வைத்து அமுக்கினேன். மெத்தைதான் அமுங்கியது.

"இன்னும் கீழ," என்றார்.

கீழே நகர்த்தி அமுக்கினேன்.