திரும்பத் திரும்ப வருகிறவர்கள்

சுனாமி முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். நான் உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு மாணவர்களை ஒரு வருடம் அரசு அலுவலகங்களில் உட்காரவைத்து, கொள்கை வகுக்க உதவச் சொல்லும் திட்டம் ஒன்று வந்தது. எனக்கு ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகம் கிடைத்தது. எது என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது.

நான் உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரி. அதனால் இந்தச் சனங்களின் மனசு எனக்கு அத்துப்படி என்று அதிகாரி நம்பினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

புதன்கிழமைதோறும் மனு வாங்குவார்கள். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அதே ஆட்கள் அதே மனுவோடு வாராவாரம் வந்தார்கள். மனு வாங்கும் கிளார்க்குக்கு அவர்களைக் கண்டாலே எரியும். எனக்கோ ஆய்வுக்குத் தீனி கிடைத்த சந்தோஷம். மன உளைச்சல் உள்ளவர்கள்தான் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஆறுதல் என்று ஆறு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். ஐந்து முறைக்கு மேல் வருகிறவரின் மனுவில் ‘மனநல ஆலோசனைக்கு’ என்று எழுதி என்னிடம் அனுப்பலாம் என்பது யோசனை.

“பிரமாதம்மா. இந்த வாரமே ஆரம்பிச்சுருவோம்” என்றார் அதிகாரி. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்ததே குரங்கைத்தான்.

சிக்கல் என்கிற ஊருக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் புதிதாக வந்த இறால் பண்ணை உப்புத் தண்ணீரைத் தன் மிளகாய்த் தோட்டத்துப் பக்கம் திறந்துவிடுகிறது, யாராவது வந்து பாருங்கள் என்பதுதான் அவர் மனு. ஒன்பது தடவை வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கருகிப்போன மிளகாய்ச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கொண்டுவருவார். ‘கையில் செடியோடு வருதல்’ என்று அதையும் ஓர் அறிகுறியாக எழுதிவைத்தேன். இதைச் சொல்லும்போதே முகம் சுடுகிறது.

என் அறையில் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

“தோட்டம் இப்பிடிக் கெடக்கயில எப்பிடித் தாயி தூக்கம் வரும்?”

தூக்கமின்மை என்று எழுதிக்கொண்டேன். மூச்சை மெல்ல இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தேன். மரியாதைக்கு அவரும் இழுத்து விட்டார். போகும்போது, “அப்ப எப்ப வந்து பாப்பீக?” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை மனு கொடுக்க வரவில்லை; நேராக என் அறைக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. மனுதாரர் மனநல ஆலோசனைக்கு அனுப்பப்பட்டுவிட்டார், மேல் நடவடிக்கை தேவையில்லை. என் குறிப்பை வைத்து மனுக்களை இப்படி முடித்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. பண்ணைக்கும் ஒரு நகல் போயிருந்தது. பண்ணை மேனேஜர் அதை டீக்கடையில் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்.

“ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோயி விடுங்கப்பாங்கிறாக. எங்கூட மனுவுல கையெழுத்துப் போட்டவுகளும் ஒதுங்கிட்டாக. கிறுக்கி பேச்சை எவன் கேப்பான்?” என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் கிறுக்கி இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு தாயி. அதைக் காட்டி மறுக்கா மனுக் குடுத்துக்கிறேன்.”

நாலு வரி எழுதினால் போதும். ஆனால் எழுதினால் என் குறிப்பு தப்பென்று ஆகிவிடும். அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகலாமா என்று சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். வருடக் கடைசியில் அங்கே போய்ப் பேசவும் வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் கிறுக்கி என்கிற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

“நான் படிக்கிற பொண்ணுதாம்மா. அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல” என்றேன்.

“கிறுக்கின்னு எழுத மட்டும் இருந்துச்சாக்கும்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. தோட்டம் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஒரு மணி நேர பஸ் பயணம்தான்.

சென்னையில் பேசும்போது ஊர் பேர் சொல்லாமல் அவரை உதாரணமாகக் காட்டினேன். ஒன்பது முறை மனுவோடு வந்த ஒரு பெண், ஆலோசனைக்குப் பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டு நன்றி சொன்னேன்.